மேற்படிப்பு: எது காத்திருக்கும், எது காத்திருக்காது

(சேலம் அஸ்தம்பட்டியில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



இத்தகைய மேடைகளில் இலக்கியமோ வரலாறோ பேசுவது மரபு. இந்த ஆண்டு அறங்காவலர்கள் என்னிடம் கேட்டது வேறு. "உதவித்தொகை கேட்டு வருகிற பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். பி.இ. முடியப்போகிறது, எம்.பி.ஏ. போவதா, எம்.இ. போவதா? இதற்கு நீங்கள் ஒரு பதில் சொல்ல வேண்டும்" என்றார்கள். பணிக்காலம் முழுவதையும் பொறியியல் வகுப்பறையில் கழித்தவன் நான். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். பல குடும்பங்களில் இது ஒரு தலைமுறையின் சேமிப்பு முழுவதையும் இழுத்துக்கொள்ளும் முடிவு. அதைப் பக்கத்து வீட்டுப் பையன் என்ன படித்தான் என்று பார்த்து எடுத்துவிடுகிறோம்.

இரண்டில் எது உயர்ந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. எதைப் பின்னாளில் படிக்க முடியும், எதை முடியாது என்று மட்டும் பார்ப்போம். என் கருத்து இது: மேலாண்மைப் படிப்பு உங்களுக்காகக் காத்திருக்கும், தொழில்நுட்ப மேற்படிப்பு காத்திருக்காது. இரண்டின் மேலும் ஆசை இருந்தால் வரிசையை மாற்றிப் போடாதீர்கள்.

1. முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எம்.டெக். படிக்க அகில இந்திய அளவில் கேட் தேர்வு. ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்துவது. பிப்ரவரியில் வரும், மதிப்பெண் மூன்று ஆண்டுக்குச் செல்லும். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம் என்பது நம் பிள்ளைகள் பலருக்கு இன்னும் தெரியவில்லை. ஐ.ஐ.எம். நுழைவுத்தேர்வு நவம்பர் கடைசியில் நடக்கும், அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுக்குத்தான். மாநில அளவில் அண்ணா பல்கலைக்கழகம் எம்.பி.ஏ.வுக்கு டான்செட் நடத்துகிறது. எம்.இ., எம்.டெக்.குக்கும் அதையே எழுதிவந்தோம். 2023 முதல் அதற்குத் தனியாக சீட்டா வந்துவிட்டது.

பணக் கணக்கு இன்னும் முக்கியம். கேட் மதிப்பெண்ணோடு எம்.டெக். சேர்ந்தவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 24 மாதத்துக்கு 2,97,600 ரூபாய். முன்னணி ஐ.ஐ.எம். ஒன்றில் இரண்டு ஆண்டு படிக்கக் கட்டணம் மட்டும் 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு படிப்பு கையில் பணம் கொடுத்து அழைக்கிறது, மற்றொன்று வங்கிக் கடனோடு வெளியே அனுப்புகிறது. கடன் தவறில்லை. ஆனால் 22 வயதில், மாதச் சம்பளம் என்றால் என்னவென்றே அறியாத நிலையில், அந்தக் கையெழுத்தைப் போட வேண்டுமா என்பது கேள்வி.

2. தொழில்நுட்பப் படிப்பு ஏன் காத்திருக்காது? வயது வரம்பு காரணமல்ல. கேட் எழுத வயது வரம்பே கிடையாது. காரணம் கணக்கு. வகைக்கெழுச் சமன்பாடு, அணிக்கோவை, லாப்லாஸ் உருமாற்றம் ஆகியவை பி.இ. முடித்த கையோடு விரல் நுனியில் இருக்கும். நான்கு ஆண்டு ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து வெப்ப இயக்கவியல் புத்தகத்தைத் திறந்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிவு குறையவில்லை, பழக்கம் போய்விட்டது. ஒரு கணக்கோடு மூன்று மணி நேரம் உட்காரும் பொறுமை போய்விட்டது. அதை மீட்க ஓராண்டு வேண்டும், அந்த ஓராண்டை வேலைக்குப் போகிற ஆளுக்கு யார் கொடுப்பார்கள்?

இரண்டாவது காரணம் வீட்டுச் சூழல். 12,400 ரூபாயில் விடுதியில் இருந்து படிக்க 22 வயதுக்காரரால் முடியும். தங்கையின் திருமணம், வீட்டுக் கடன், கைக்குழந்தை என்று வந்தபின் 28 வயதில் சம்பளத்தை விட்டுவிட்டு அந்தத் தொகைக்கு வருகிறவர் அரிது. பகுதிநேர எம்.இ. இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் ஆய்வுக்கூடத்தில் இரவு பத்து மணி வரை ஒரு சோதனையோடு மல்லுக்கட்டுவதுதான் எம்.டெக்.கின் உயிர். சாயங்கால வகுப்பில் அது கிடைப்பதில்லை.

3. மேலாண்மைப் படிப்போ காத்திருக்கும்போது கனம் கூடுகிறது. ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை எழுதிக் கையில் கொடுத்து, "நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய்" என்று விவாதிக்க விடுவது அதன் முக்கியமான பாடமுறை. இரவு ஷிப்டில் இயந்திரம் நின்று, கான்ட்ராக்டர் ஆட்களை அழைத்துக்கொண்டு போய்விட, காலையில் லாரி வாசலில் நிற்க, அப்போது முடிவெடுத்த அனுபவம் உள்ளவர் அந்த விவாதத்தில் பேசுவது ஒரு மாதிரி இருக்கும். நேற்று பட்டம் வாங்கியவர் பேசுவது வேறு மாதிரி. சொல்லப்போனால் அவருக்குப் பேச எதுவும் இருக்காது.

மேலாண்மைப் படிப்பை நடத்துகிறவர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஐதராபாத்தில் 2001-இல் தொடங்கிய ஐ.எஸ்.பி. மேலாண்மைக் கல்லூரியின் முதன்மைப் படிப்புக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் ஓராண்டு படிப்பு ஒன்று உண்டு, அதற்கு நான்கு ஆண்டு. 2011-இல் தொடங்கிய நம் திருச்சி ஐ.ஐ.எம்., வேலையில் இருப்பவர்களுக்காகச் சென்னையில் தனி வளாகமே வைத்திருக்கிறது. வேலைக்குப் போனபின் எம்.பி.ஏ. படிக்க இத்தனை வாசல். அதே நிலையில் எம்.டெக்.குக்கு எத்தனை வாசல் என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரலாற்றையும் ஒரு பார்வை பார்க்கலாம். மேலாண்மையை ஒரு துறையாக எழுதி வைத்தவர்கள் யார்? பிரடெரிக் டெய்லர் அமெரிக்க உருக்காலைகளில் வேலை பார்த்தவர். இயந்திரப் பட்டறையில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்ந்து, வேலையில் இருந்தபடியே 1883-இல் இயந்திரப் பொறியியல் பட்டம் வாங்கினார். அதிவேகத்தில் உலோகம் வெட்டும் எஃகை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. அறிவியல் மேலாண்மை பற்றிய அவர் நூல் 1911-இல் வந்தது. பிரான்சின் ஹென்றி ஃபயோல் சுரங்கப் பொறியாளர். இருவரும் பல ஆண்டு கரியிலும் இரும்பிலும் நின்றபின்தான் ஆட்களை நடத்துவது பற்றிப் பேனா எடுத்தார்கள்.

நம் காலத்தில் எல்லாருக்கும் தெரிந்த பெயர் சுந்தர் பிச்சை. காரக்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகப் பொறியியல், ஸ்டான்ஃபோர்டில் பொருளறிவியலில் மேற்படிப்பு, பிறகு அப்ளைடு மெட்டீரியல்ஸ் நிறுவனத்தில் வேலை, அதன் பிறகு 2002-இல் வார்ட்டனில் எம்.பி.ஏ. அவர் கூகுளின் தலைமைக்கு வந்ததைப் பேசுகிற நாம் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

4. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாமக்கல்லிலிருந்து காவிரியை நோக்கிப் போனால் மோகனூர். அங்கே 1963-இல் பிறந்து, அங்கேயே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் என். சந்திரசேகரன். கோவை சி.ஐ.டி.யில் பயன்பாட்டு அறிவியலில் பட்டம், பின்பு அன்றைய திருச்சி வட்டாரப் பொறியியல் கல்லூரியில் எம்.சி.ஏ. 1987-இல் டி.சி.எஸ்.ஸில் சேர்ந்தார், 2009-இல் அதன் தலைமைச் செயல் அலுவலர், 2017-இல் டாடா சன்ஸ் தலைவர். அவர் படித்தது பொறியியல் பட்டம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இளநிலை முடித்த கையோடு அவர் எடுத்தது தொழில்நுட்ப மேற்படிப்பு. உப்பு முதல் உருக்கு வரை விற்கும் குழுமத்தை நடத்துவதற்கான மேலாண்மையை அவர் வேலைக்குள்ளேயே கற்றார்.

தொழில்நுட்பத்திலேயே நின்றவர்களையும் சொல்கிறேன். பொள்ளாச்சி பக்கம் கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ., பூ.சா.கோ. கல்லூரியில் எம்.இ. 1982-இல் இஸ்ரோவில் சேர்ந்தார். 2008-இல் ஏவிய சந்திரயானின் திட்ட இயக்குநர் அவர்தான். விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன் ப. வீரமுத்துவேல் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ. என்று படிப்படியாக ஏறினார். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3-க்குத் திட்ட இயக்குநர். ஒரு விண்கலத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலையை, காலத்தை, செலவை ஒருங்கிணைக்க வேண்டும். அதைவிடப் பெரிய மேலாண்மை எது?

வென்றவர் சிலரின் வாழ்க்கையை எடுத்து விதியாக்குவது சரியில்லை, இவர்களைப் போலவே படித்து எங்கோ சாதாரண வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர் என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பு நியாயமானது. தொழில்நுட்பத்தை முதலில் எடுத்ததால் மேலே போகும் வழி இவர்களுக்கு அடைபடவில்லை. அந்த அளவுக்கு மட்டுமே இவர்களைச் சான்றாகக் கொள்கிறேன்.

5. இனி நம் மண்ணுக்கு வருகிறேன். இந்தப் பகுதி எனக்கு நெருக்கமானது என்பதால் சற்று விரிவாகவே பேச அனுமதியுங்கள்.

நம்மைச் சுற்றியுள்ள கிழங்கு மில்லுக்குள் ஒருநாள் போய் நில்லுங்கள். டிராக்டரில் மரவள்ளிக் கிழங்கு வந்து இறங்குகிறது. எடை போடுவதற்கு முன்பே ஒரு சண்டை: பாயிண்ட். கிழங்கில் எவ்வளவு மாவுச்சத்து என்பதைப் பாயிண்ட் கணக்கில் சொல்வார்கள், விலை அதன்படி. கொஞ்சம் கிழங்கை எடுத்து முதலில் வெளியே எடை, பிறகு தண்ணீருக்குள் அமிழ்த்தி எடை. வித்தியாசத்திலிருந்து பாயிண்ட் வரும். விவசாயிக்கு அந்த மெஷின்மேல் நம்பிக்கை இல்லை. மில்காரருக்கு, மண்ணும் ஈரமுமாக வந்த கிழங்குமேல் நம்பிக்கை இல்லை. ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள், ஆலைக்காரர்கள், அதிகாரிகள் உட்காரும் முத்தரப்புக் கூட்டங்களில் இந்த விவகாரம் வராமல் இருப்பது அபூர்வம்.

உள்ளே போனால் கிழங்கைக் கழுவித் தோல் நீக்கி அரைக்கிறார்கள். பால் வடிந்து தொட்டியில் இறங்குகிறது, சக்கையாகத் திப்பி ஒதுங்குகிறது. மாவு படிந்தபின் ஈரமாவை எடுத்து உருட்டி, சலித்து, சூடேற்றி, களத்தில் காயப்போட்டால் ஜவ்வரிசி. அது வெள்ளை வெளேரென்று இருந்தால்தான் மகாராஷ்டிரத்து வியாபாரி நல்ல விலை கேட்பார். அங்கே விரத நாளில் சாபுதானா கிச்சடி இல்லாத வீடில்லை. அந்த வெண்மைக்காகச் சிலர் ரசாயனம் கலந்து உணவுப் பாதுகாப்புத் துறையிடம் மாட்டிக்கொண்டதும், தோலை முழுதாகச் சீவினாலே வெண்மை வரும் என்று மற்றவர்கள் சொன்னதும் உங்களுக்குத் தெரியும். கழிவுநீரிலிருந்து சாண எரிவாயு போல எரிவாயு எடுத்து அடுப்புக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுத்துகிற மில்கள் இன்று இருக்கின்றன. சரக்கு சேகோசர்வ் கிடங்குக்குப் போகிறது. 1981-இல் பதிவான கூட்டுறவுச் சங்கம் அது. மாதிரியைப் பார்த்து வியாபாரிகள் டெண்டர் போடுகிறார்கள். 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இந்த ஒரு வளாகத்தில் இருக்கும் கேள்விகளைப் பிரித்துப் பாருங்கள். வாசலிலேயே ஒரு நிமிடத்தில், இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும்படி மாவுச்சத்தை அளக்க முடியுமா? அது கருவியியல் கேள்வி. ஒளியைப் பாய்ச்சி அளக்கும் முறைகள் உலகில் உள்ளன, நம் கிழங்குக்கும் நம் மண்ணுக்கும் அவற்றைச் சரிசெய்து தர ஒரு எம்.டெக். மாணவருக்கு இரண்டு ஆண்டு போதும். தோலை மாவு வீணாகாமல் சீவும் இயந்திரம் வேண்டும். அது இயந்திரப் பொறியியல். புவிசார் குறியீடு வாங்கிய சரக்கை இன்னும் பெயரில்லாத மூட்டையாக விற்கிறோமே, அதை நம் ஊர்ப் பெயரோடு சில்லறைக் கடைக்குக் கொண்டுபோவது எப்படி? சீசனில் ஒரேயடியாகக் கிழங்கு வாங்க முடங்கும் பணத்தை எப்படிச் சுழற்றுவது? இவை மேலாண்மைக் கேள்விகள்.

இரண்டும் வேண்டும். ஆனால் பாயிண்ட் எப்படி வருகிறது என்று அறியாமல் விலை ஒப்பந்தம் எழுதுகிறவர் ஒரு சீசனைத் தாண்ட மாட்டார். பாயிண்டை அளக்கத் தெரிந்தவர் விலை ஒப்பந்தத்தைப் போகப் போகக் கற்றுக்கொள்வார். 1981-இல் உற்பத்தி தொடங்கிய நம் உருக்காலைக்கும் நாமக்கல் லாரி பாடி பட்டறைக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனைகளில் சேலமும் ஒன்று என்று அறிவித்திருக்கிறார்கள். பீரங்கிக்கு ஒரு வால்வு செய்து தர முன்வருகிற சிறுதொழில்காரர் முதலில் தேடப்போவது உலோகமும் அளவீடும் அறிந்த ஆளைத்தான்.

6. எல்லா எம்.இ.யும் நல்லது என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராக எம்.இ. கட்டாயம் என்று 2010 வாக்கில் விதி இறுகியது. அப்போது மாநிலத்தில் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டியிருந்தன. வாத்தியார் வேலை நிச்சயம் என்று ஆயிரக்கணக்கானோர் எம்.இ. சேர்ந்தார்கள். அவர்கள் வெளியே வந்தபோது பி.இ. இடங்கள் காலியாகக் கிடந்தன, கல்லூரிகள் மூடத் தொடங்கின. மாதச் சம்பளம் வராமல் அல்லாடிய அந்தத் தலைமுறையில் என் மாணவர்களும் உண்டு. அவர்களுக்கு நேர்ந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர்கள் படித்தது தொழில்நுட்பம் என்ற பெயரில் ஒரு தகுதிச் சான்றிதழ். ஆய்வுக்கூடம் இல்லை, திட்டப்பணியைக் கடையில் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ஆகவே எம்.இ. சேரும் முன் மூன்று விவரம் விசாரியுங்கள். அந்தத் துறையின் ஆய்வுக்கூடத்தில் விளக்கு எத்தனை மணிக்கு அணைகிறது? கேட் மதிப்பெண்ணோடு வந்தவர்கள் வகுப்பில் எத்தனை பேர்? கடந்த ஆண்டு திட்டப்பணி எந்தத் தொழிற்சாலையின் சிக்கலிலிருந்து பிறந்தது? விடை திருப்தியாக இல்லையென்றால் வேலைக்குப் போங்கள். எம்.பி.ஏ.வுக்கு நான்காவதாக ஒன்று சேர்த்துக் கேளுங்கள்: முடித்தவர்கள் போன வேலைக்கு அந்தப் பட்டம் தேவைப்பட்டதா? காப்பீட்டுப் பாலிசி விற்க ஆறு லட்சம் கட்டிப் படிக்க வேண்டியதில்லை.

7. என் வரிசை பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள்.

நான்கு ஆண்டும் வேண்டா வெறுப்பாகப் படித்தவர். மின்சுற்றுப் பலகையைப் பார்த்தாலே ஒதுங்குகிறவர். ஆனால் கல்லூரி விழாவை ஒற்றை ஆளாக நடத்திக் காட்டியவர். அவரை எம்.டெக்.குக்கு அனுப்புவது கொடுமை. அவர் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு மேலாண்மைக்கே போகட்டும். இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர்களுக்குத் தொழிற்பொறியியல் இருக்கிறது, கிண்டியில் அதற்குத் தனித் துறையே உண்டு. 1963-இல் மும்பையில் அதற்கென்றே தொடங்கிய நைட்டி நிறுவனத்தை 2023-இல் ஐ.ஐ.எம். ஆக்கியிருக்கிறார்கள்.

அடுத்தது பெண் பிள்ளைகள். இங்கே என் வாதம் தடுமாறுகிறது என்பதை மறைக்க மாட்டேன். "மேலாண்மை காத்திருக்கும்" என்று ஒரு பையனிடம் எளிதாகச் சொல்லிவிடலாம். நம் வட்டாரத்தில் ஒரு பெண்ணுக்கு 25 வயதில் வீட்டில் நடக்கிற பேச்சு வேறு. வேலைக்குப் போய், சேமித்து, 27 வயதில் அகமதாபாத் போகிறேன் என்று அவள் சொன்னால் எத்தனை வீடு "போய் வா சாமி" என்று அனுப்பும்? அதனால் கிடைத்த இரண்டு ஆண்டில் எதையாவது படித்து முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் பக்கத்துக் கல்லூரி எம்.பி.ஏ.வில் சேர்கிறார்கள், பலர் வகுப்பில் முதலாக வந்த பெண்கள். பெற்றோரே, உங்கள் மகள் காத்திருந்து படிக்கும் உரிமையை நீங்கள்தான் அவளுக்குத் தர வேண்டும். அது முடியாதென்றால், கேட் எழுதி உதவித்தொகையோடு இப்போதே எம்.டெக். படிக்கவாவது விடுங்கள். உங்களிடம் பணம் கேட்காத படிப்பு அது. கேட் தேர்வுக்குப் பெண்களுக்குப் பாதிக் கட்டணம்தான்.

கடைசியாக அறங்காவலர்களிடம் இரண்டு விண்ணப்பம். நீங்கள் தரும் உதவித்தொகை கல்லூரியில் சேர்ந்தபின் கைக்கு வருகிறது. அதில் ஒரு பங்கைத் தேர்வுக் கட்டணத்துக்கு ஒதுக்குங்கள். ஐ.ஐ.எம். தேர்வுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும், அந்தத் தொகைக்கே தயங்கி விண்ணப்பிக்காமல் விட்ட மாணவர்களை நான் அறிவேன். மற்றொன்று, இந்த அவையில் கிழங்கு மில் முதலாளிகளும் பாடி பட்டறைக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் ஆண்டு முடித்த பிள்ளைகள் சிலரை மே, ஜூன் இரண்டு மாதம் உங்கள் ஆலைக்குள் விடுங்கள். கணக்குப் பிள்ளையிடம் ஒரு மாதம், ஃபிட்டரிடம் ஒரு மாதம். எந்த மாதம் அவர்களுக்குச் சீக்கிரம் போயிற்று என்று ஆகஸ்டில் நானே வந்து அவர்களிடம் கேட்கிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் இன்று இங்கேயே செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.